விடாமல் நச்சரிக்கும் நினைவூட்டல் செயலியும் பணிப்பட்டியல் செயலியும்: வீட்டு வேலைக்கு இரண்டும் வேண்டுமா?

குடந்தைவாசி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக டூடுயிஸ்ட் செயலியில் என் வேலைகளை எழுதி வைத்து வருகிறேன். மின்கட்டணம், வீட்டுவரி, அப்பாவின் கண் பரிசோதனை, வண்டிக் காப்பீடு என்று நாள் கணக்கில் நகரும் வேலைகளுக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. நிமிடக் கணக்கில் முடிய வேண்டிய வேலைகளில்தான் அது என்னைக் கைவிடுகிறது. அறிவிப்பு ஒரு முறை ஒலிக்கும். அந்த நேரத்தில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் விரலால் தள்ளிவிடுவேன். தள்ளியதோடு அந்த வேலை என் நினைவிலிருந்தும் போய்விடும்.

இரண்டு மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டி 1000 லிட்டர் கொள்ளும். மோட்டாரைப் போட்டால் ஏறக்குறைய 35 நிமிடத்தில் நிரம்பிவிடும். அன்று காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, 30 நிமிடத்துக்கு நினைவூட்டலும் வைத்துவிட்டு, வாசலில் கொத்தனாரோடு பேசப் போய்விட்டேன். செயலி தன் கடமையைச் செய்தது, நான்தான் தள்ளிவிட்டேன். அடுத்த வீட்டு அம்மா விடியற்காலையில் எழுந்து கிண்டிய கூழை, எங்கள் மாடிக்குக் கீழே தாழ்ந்திருக்கும் தம் மொட்டைமாடியில், பழைய வேட்டியை விரித்து வற்றலாகப் பிழிந்து வைத்திருந்தார். தொட்டி வழிந்து, எங்கள் மாடியின் தூம்புவாய் வழியாகக் கொட்டிய தண்ணீர் நேராக அந்த வேட்டியில் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாக இருந்த வற்றலெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, வேட்டியின் ஓரத்தில் வெள்ளைக் கஞ்சியாக வழிந்துகொண்டிருந்தது. "பரவாயில்லை தம்பி, அரிசி மாவுதானே" என்றார். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்று மாலையே ஐபோனில் டியூ என்ற செயலியை வாங்கினேன். அதில் ஒரு வேலையை வைத்தால், முடித்துவிட்டதாகக் குறிக்கும் வரையோ வேறு நேரத்துக்கு மாற்றும் வரையோ, ஒரு நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நாம் தேர்ந்தெடுத்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் 4 வேலைகளை மட்டும் அதில் வைத்தேன்; ஒன்றும் தவறவில்லை. அந்த மகிழ்ச்சியில் ஒவ்வொன்றாகச் சேர்த்து இப்போது 19 வேலைகள் ஆகிவிட்டன. செடிக்குத் தண்ணீர், குப்பை வண்டி, தயிருக்கு உறை ஊற்றுவது, மாமாவுக்குத் தொலைபேசியில் பேசுவது வரை எல்லாம் அதில் இருக்கின்றன. விளைவு என்னவென்றால், இப்போது வேலையைச் செய்யாமலேயே 'முடிந்தது' என்று குறித்து அதன் வாயை அடைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

எந்த வேலையை எதில் வைப்பது என்பதற்கு நீங்கள் ஏதாவது முறை வைத்திருக்கிறீர்களா? அல்லது இரண்டு செயலி வைத்திருப்பதே தவறா?

---

ஒற்றைச்செயலி (ஸ்ரீரங்கம்)

தவறுதான். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதுகிறவர், இரண்டு இடத்திலும் அழிக்க மறப்பார். டிக்டிக் செயலியில் பட்டியலும் உண்டு; கவனிக்கும் வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும் தொடர் நினைவூட்டலும் உண்டு; எந்த வேலைக்கு வேண்டுமோ அதற்கு மட்டும் அதை இயக்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம் போதும்.

---

குடந்தைவாசி

அதையும் முயன்று பார்த்தேன், ஐயா. வசதியில் குறையில்லை. ஆனால் பட்டியலைத் திறந்தால் 60 வேலைகள் கண்ணில் படுகின்றன. மோட்டாரை நிறுத்தப் போன நான் வீட்டுவரியைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறேன். நச்சரிக்கும் செயலியைத் திறந்தால் இப்போது செய்ய வேண்டியது மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. ஆனால் நான் சொன்ன சிக்கல் அதனால் தீரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

பழுதுநீக்குநர் (மயிலாடுதுறை)

கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 'நினைவூட்டல் வரவில்லை' என்று கடைக்கு வருகிறவர்களில் பலருக்குச் செயலியில் குற்றம் இருப்பதில்லை. கைப்பேசிதான் அதை உறங்க வைத்திருக்கும்.

ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து, கைப்பேசி அசையாமல் திரை அணைந்து கிடந்தால், பின்னணியில் இயங்கும் செயலிகளை மட்டுப்படுத்தும் ஏற்பாடு உண்டு. 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பில், சொன்ன நொடியில் ஒலிப்பதற்கு 'அலாரங்களும் நினைவூட்டல்களும்' என்ற தனி அனுமதி சேர்க்கப்பட்டது. 13-ஆம் பதிப்பில் அறிவிப்பு காட்டுவதற்கே பயனரிடம் கேட்க வேண்டும் என்றாயிற்று. 14-ஆம் பதிப்பு முதல், கடிகாரம், நாட்காட்டி போன்றவற்றைத் தவிர, புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அலார அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. அமைப்புகளுக்குள் போய் நாமே கொடுக்க வேண்டும். இவற்றுக்கு மேல், சில தயாரிப்பாளர்கள் மின்கலத்தை மிச்சப்படுத்தத் தம் பங்குக்கு வேறு கெடுபிடிகளும் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியை அணைத்துப் போட்டால் செயலி பதிந்து வைத்த அலாரங்களெல்லாம் அழிந்துவிடும். கைப்பேசி மீண்டும் விழித்ததும் செயலி தானாக எழுந்து அவற்றைத் திரும்பப் பதிய வேண்டும். 'தானியங்கித் தொடக்கம்' என்பதை அணைத்து வைத்திருந்தால் அது எழாது. இரவில் மின்கலம் தீர்ந்து காலையில் மின்னேற்றியவருக்கு அன்றைய மாத்திரை நினைவூட்டல் வராமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஐபோனில் கதை வேறு. அங்கே ஒரு செயலி முன்கூட்டியே பதிந்து வைக்கக்கூடிய அறிவிப்புகள் 64 மட்டுமே. ஒரு வேலைக்காக 10 முறை ஒலிக்க வேண்டுமென்றால் அந்த 64-இல் 10 இடம் போயிற்று. குடந்தைவாசி அவர்கள் 19 வேலைகளை வைத்துக்கொண்டால், அவை அந்த 64 இடங்களைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நச்சரிப்பவர்களுக்கும் அளவு வைத்துத்தான் படைத்திருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: 3 நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டல் வைத்துத் திரையை அணையுங்கள். அது வந்தால், அடுத்ததாக ஒன்று வைத்துக் கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கி, செயலியைத் திறக்காமல் காத்திருங்கள். பிறகு இரவு முழுவதும் மேசையில் கிடக்கவிட்டு, காலை 5 மணிக்கு வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறாத கைப்பேசியில், உயிர் காக்கும் மருந்துக்கு எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம். கைப்பேசியோடு வரும் கடிகார அலாரம் பார்க்க எளிமையாக இருந்தாலும் பெரும்பாலும் ஏமாற்றாது.

---

செவிலி_தஞ்சை

19 என்று படித்ததும் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு கருவி ஒலித்துக்கொண்டிருக்கும். அவற்றில் பல, நோயாளி புரண்டு படுத்ததால் மார்பில் ஒட்டிய மின்முனை கழன்றது போன்ற சிறு காரணங்களால் ஒலிப்பவை. புதிதாக வரும் செவிலியர் முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஓடுவார். இரண்டாம் மாதத்தில் அவர் காதே அதை வடிகட்டத் தொடங்கிவிடும். இதை அலாரச் சோர்வு என்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மருத்துவமனை அலாரங்களை ஒழுங்குபடுத்துவதை 2014-இல் நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாகவே சேர்த்தது. படித்துப் பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், தாளிப்புக்கு நடுவில் நிற்கும் நம்மைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் வீட்டில் நச்சரிக்கும் நினைவூட்டல் ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் தைராய்டு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியோ சிற்றுண்டியோ தொடக்கூடாது. காப்பி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் அதற்கும் இடையே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். தஞ்சாவூரில் எழுந்ததும் காப்பி டம்ளரைத் தேடாதவர் யார்? அதனால் 5 மணிக்கு ஒலித்தாக வேண்டும். 6 மணிக்கு ஒலித்தால் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தொடக்கத்தில் அம்மா கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். ஒலித்ததும் 'முடிந்தது' என்பதை அழுத்துவார்; அழுத்திவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார். செயலியின் கணக்குப்படி அவர் அந்த மாதம் ஒரு நாளும் தவறவில்லை. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தபோது 6 மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. இப்போது கைப்பேசியை இரவில் சமையலறையில், மாத்திரை டப்பாவின் மேலேயே வைத்துவிடுகிறோம்; ஒலியை நிறுத்த எழுந்து வந்தவர் டப்பாவைத் தொடாமல் கைப்பேசியை எடுக்க முடியாது. அட்டையின் பின்புறம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகக் கிழமையைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் விழுங்கினோமா இல்லையா என்று ஐயம் வந்தால் அட்டைதான் சாட்சி. செயலி சொல்வதை நம்பி இன்னொன்றை விழுங்கக்கூடாது.

---

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் அருகே)

செவிலி அம்மா சொன்னதைப் படித்தபோது என் வயல் வேலைக்கும் அது பொருந்துவதாகத் தோன்றியது. என் மகன் கோயம்புத்தூரில் இருந்தபடியே என் கைப்பேசியில் டூடுயிஸ்ட் நிறுவி, பயிர் வேலைகளையெல்லாம் எழுதிக்கொடுத்தான். முதல் வரி 'ஜூன் 12, மேட்டூர் திறப்பு, ஆண்டுதோறும்' என்று இருந்தது. அதற்குக் கீழே நாற்றங்கால், விதை நேர்த்தி, நடவு எல்லாம் அந்த நாளிலிருந்து எண்ணி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஆற்றில் தண்ணீர் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை என்பதை அவனுக்கு விளக்கினேன். 2022-இல் மே 24 அன்றே மேட்டூர் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024-இல் அந்தச் செயலி ஜூன் மாதம் முழுவதும் என்னிடம் 'தாமதம், தாமதம்' என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. தாமதித்தது நானா?

இப்போது நடவு நாளை மட்டும் நானே எழுதுகிறேன். மற்றவை அதிலிருந்து எண்ணப்படுகின்றன. மீண்டும் மீண்டும் வரும் வேலைகளில் 'குறித்த நாளிலிருந்து' எண்ணுவது வேறு, 'செய்து முடித்த நாளிலிருந்து' எண்ணுவது வேறு. டூடுயிஸ்டில் 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின் ஒரு வியப்புக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும். டிக்டிக்கிலும் இந்தத் தேர்வு உண்டு. மின்கட்டணம் போன்றவை முதல் வகை. பம்புசெட்டுக்கு எண்ணெய் மாற்றுவது, கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றவை இரண்டாம் வகை. இதை மாற்றி வைத்தால் எந்த நினைவூட்டலும் பொய் சொல்லும்.

நச்சரிக்கும் செயலிக்கு வருகிறேன். மேலுரமாக யூரியா இடுவதை அதில் வைத்துப் பார்த்தேன். ஐப்பசி அடைமழையில், வரப்பு தெரியாமல் தண்ணீர் நிற்கும் வயலில், 'யூரியா இடு, யூரியா இடு' என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒலித்தது. மழை விட்டுத் தண்ணீரை வடித்த பிறகுதான் இட முடியும். என் கையில் இல்லாத வேலைக்கு என்னை நச்சரித்து என்ன பயன்? அன்றே அதை எடுத்துவிட்டேன்.

பொருந்திய இடம் மாட்டுக் கொட்டகை. பசுவுக்குச் சினைப்பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை வரும். அறிகுறி காலையில் தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் கருவூட்ட வேண்டும் என்பது வழக்கம். அந்த அரை நாளை விட்டால் இன்னும் 21 நாள் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே 'இன்று பசுவைக் கவனி' என்பது பணிப்பட்டியலில் 20-ஆம் நாளில் ஓசையில்லாமல் வந்து நிற்கிறது. காலையில் பசு கத்துவதையும் கண்ணாடி போன்ற கோழை வடிவதையும் பார்த்துவிட்டேன் என்றால், அந்த நிமிடமே நச்சரிக்கும் செயலியில் 'கால்நடை மருத்துவரை அழை' என்று வைத்துவிடுகிறேன்; அவர் வந்து போகும் வரை அது என்னை விடுவதில்லை. ஒரே வேலைதான், ஆனால் அது ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் அது இருப்பதில்லை.

---

நாள்தாள்_கிழிப்பவர் (நாகப்பட்டினம்)

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். நீங்கள் எல்லோரும் பேசும் இரண்டு செயலிகளும் என் வீட்டில் சுவரில் ஆணியில் தொங்குகின்றன: நாள்தாளைக் கிழிக்கும் நாட்காட்டி ஒன்று, அதன் பக்கத்தில் கயிற்றில் கட்டிய பென்சில் ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்களைக் கடந்தபோது, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் செங்கல்லாயின. என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் நினைவுகூரும் ஆற்றலை உளவியலார் தனியாகவே ஆராய்கிறார்கள். ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இருவர் (இந்த ஐன்ஸ்டைன் நீங்கள் நினைப்பவர் அல்லர்) 1990-இல் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: மணியை ஒட்டி நினைவுகூர்வது ஒன்று, ஒரு நிகழ்வைக் கண்டதும் நினைவுகூர்வது மற்றொன்று. '6 மணிக்கு உளுந்தை ஊறப்போட வேண்டும்' என்றால் மணியை நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'விளக்கேற்றியதும் உளுந்தை ஊறப்போட வேண்டும்' என்றால் விளக்கு நினைவூட்டிவிடும். நம் பாட்டிமார்கள் இட்லிக்கு ஊறப்போட்டது எந்த மணியைப் பார்த்து? குடந்தைவாசி தம்பியின் 19 வேலைகளில், ஏற்கெனவே அன்றாடம் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடக்கூடியவை எத்தனை என்று பார்க்கட்டும். தயிருக்கு உறை ஊற்ற, பாலைக் காய்ச்சி ஆற வைத்த பாத்திரமே போதும்.

---

மருமகள்_திருவையாறு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் வீட்டு நாட்காட்டியில் பென்சிலால் எழுதியது யார், அதைப் பார்த்து மாத்திரையை எடுத்துக்கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம். பாட்டிமார்களுக்குச் செயலி தேவைப்படவில்லை என்பதைவிட, வீட்டில் மற்றவர்களுக்கு அந்தப் பாட்டியே செயலியாக இருந்தார் என்பதே பொருத்தம்.

எங்கள் வீட்டில் 6 பேர். நினைவூட்டல்கள் எல்லாம் என் கைப்பேசியில்தான் இருந்தன. மாமியாரின் இன்சுலின், மாமனாரின் சொட்டு மருந்து, மகளின் பள்ளிக் கட்டணம், சிலிண்டர் பதிவு என எல்லாவற்றுக்கும் என் இடுப்பில்தான் ஒலிக்கும். என் கணவர் அதைக் கேட்டு, "உன் போன் அடிக்கிறது பார்" என்று நல்லெண்ணத்தோடு எனக்கு நினைவூட்டுவார். நச்சரிக்கும் செயலி வந்த பிறகு இன்னும் கேடாயிற்று. முன்பு ஒரு முறை சொன்னதை இப்போது 5 நிமிடத்துக்கு ஒரு முறை சொன்னார்.

மாற்றிப் பார்ப்போம் என்று மோட்டார் நினைவூட்டலை அவர் கைப்பேசிக்கு மாற்றினேன். அது கடைத்தெருவில் அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒலித்தது. வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், வீட்டில் தொட்டி வழிந்தது. வேலை வீட்டில் இருக்கிறது, மணி ஆளோடு போய்விடுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. பரணில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை எடுத்து, சிம் இல்லாமல், வைஃபை மட்டும் கொடுத்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் மாடத்தில் வைத்தோம். வீட்டு நச்சரிப்பெல்லாம் அதில்தான். ஒலித்தால் அருகில் இருப்பவர் எழுந்து போய் வேலையைச் செய்துவிட்டு வந்து நிறுத்த வேண்டும். மாமனார் உட்பட யாருக்கும் விலக்கில்லை. கட்டணம், பதிவு போன்றவற்றுக்கு டூடுயிஸ்டில் ஒரு பொதுப் பட்டியல் திறந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் யார் பொறுப்பு என்று பெயர் இட்டிருக்கிறோம். 'மின்கட்டணம்' என்பதற்கு எதிரில் அவர் பெயர். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். 19-ஆம் நாள் வரை நான் வாயைத் திறப்பதில்லை.

---

பழுதுநீக்குநர்

அந்தப் பழைய கைப்பேசியை இரவும் பகலும் மின்னேற்றியிலேயே விட்டு வைக்காதீர்கள், அக்கா. மின்கலம் உப்பிவிடும். காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் போதும். பின்மூடி சற்றே தூக்கலாகத் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மற்றபடி மிக நல்ல ஏற்பாடு. திரையை உடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இனி நானும் இதைச் சொல்வேன்.

---

ஒற்றைச்செயலி

இரண்டு செயலி கூடாது என்று தொடங்கியவன் நான். வெண்ணாற்றங்கரை ஐயா சொன்ன பசுவின் கணக்கைப் படித்த பிறகு, ஒரே நேரத்தில் இரண்டிலும் இல்லாத வரை இரட்டைப் பதிவு என்ற என் குற்றச்சாட்டு நிற்காது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் இந்த இழையில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு மனிதனை ஏன் நச்சரிக்க வேண்டும்? தொட்டி நிரம்பினால் தானே நிறுத்தும் கருவி எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கிறது. காப்பீட்டுப் பிரீமியத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி விட்டுவிடலாம். சொட்டுநீர்க் குழாய்க்கு நேரம் வைக்கும் திருகி உண்டு. நினைவூட்டலை எப்படி வலுப்படுத்துவது என்று 9 பதிவுகள் எழுதியிருக்கிறோம். அந்த வேலையையே இல்லாமல் ஆக்கிவிட முடியுமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை

உண்மைதான். வயல் மோட்டாருக்கு நான் மொபைல் ஸ்டார்ட்டர் போட்டு 3 ஆண்டுகள் ஆகின்றன. மும்முனை மின்சாரம் வந்ததும் எனக்கு அழைப்பு வரும். வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும் முடியும். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து பாம்பை மிதிக்காமல் இருப்பதே பெரிய ஆதாயம். ஆனால் தண்ணீர் எந்த மடையில் போகிறது, எலி வளையில் வடிகிறதா என்பதை அது சொல்லாது. அதற்குக் காலையில் மண்வெட்டியோடு போய்த்தான் ஆக வேண்டும்.

---

குடந்தைவாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி 19 வேலைகளையும் ஒரு தாளில் எழுதி உட்கார்ந்தேன். தயிர், செடி, குப்பை உட்பட 8 வேலைகள் வேறு அன்றாட நிகழ்வுகளோடு முடிச்சுப் போட்டதும் செயலியை விட்டுப் போய்விட்டன. குப்பை மட்டும் இரண்டு முறை தவறியது; வண்டி வரும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு எந்த முடிச்சும் நிற்கவில்லை. வண்டியின் பாட்டு கேட்டால் ஓடுவது என்ற பழைய முறைக்கே திரும்பிவிட்டேன். மாமாவுக்குப் பேசுவது உட்பட இன்றே இப்போதே செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்த 7 வேலைகள் பட்டியலுக்குத் திரும்பின. மாமாவோடு பேசுவதை நச்சரிப்பில் வைத்திருந்ததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிக்கும் ஒன்றை நிறுத்துவதற்காகப் பேசினால் அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? அவருக்கும் தெரிந்திருக்கும்.

மிஞ்சிய நான்கில், அம்மாவின் இரவு மாத்திரையும், அடுப்பில் வைத்துவிட்டு நகரும் பாலும், மாலை 4 மணிக்குப் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவதும் நச்சரிப்பிலேயே இருக்கின்றன. செவிலி அம்மா சொன்னபடி, மாத்திரை டப்பாவின் மேல்தான் இப்போது என் கைப்பேசி இரவு 8 மணிக்கு உட்கார்ந்திருக்கிறது. பாலுக்கு இடைவெளி ஒரு நிமிடம். அதற்கு மேல் பால் பொறுக்காது.

நான்காவது மோட்டார். ஒற்றைச்செயலி ஐயாவின் பதிவைப் படித்த மறுநாளே மின்பணியாளர் ஒருவரை அழைத்துத் தொட்டியில் உணரியை இறக்கி, கீழே நிறுத்தும் பெட்டியையும் பொருத்தச் சொன்னேன். முதல் நாள் நானே மாடியில் நின்று பார்த்தேன். விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் வந்ததும் மோட்டார் தானாக நின்றது. அடுத்த வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வெயில் காலமே முடியப்போகிறது, இனி அடுத்த சித்திரைக்குத்தான் வற்றல் போட வேண்டும் என்று சிரித்தார்.

பெட்டிக்கு மேல்மூடி கொண்டு வர மறந்துவிட்ட மின்பணியாளர், இரண்டு நாளில் கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்றோடு 11 நாள் ஆகிறது. மழைக்கு முன் மூட வேண்டும். அவரை அழைப்பதைப் பட்டியலில்தான் வைத்திருந்தேன். நேற்று மாலை தூறல் விழுந்ததும் அதை நச்சரிப்புக்கு மாற்றினேன். அவர் தொலைபேசியை எடுக்கும் வரை அரை மணிக்கு ஒரு முறை ஒலிக்கும்.